அடித்தது ஒன்று, அடைந்தது ஒன்று

2024 செப்டம்பர் 19. அமெரிக்காவின் மயாமி நகரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக ஷோஹெய் ஓட்டானி ஆறு முறை பேட் பிடித்தார். ஆறு முறையும் ஹிட். முதல் இன்னிங்ஸில் டபுள். இரண்டாவதில் சிங்கிள். மூன்றாவதில் இன்னொரு டபுள். பிறகு ஆறு, ஏழு, ஒன்பதாவது இன்னிங்ஸ்களில் மூன்று ஹோம் ரன்கள். ஒரே பருவத்தில் 50 ஹோம் ரன் அடித்து, பந்து வீசும் நேரம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடும் ‘தளத் திருட்டை’யும் 50 முறை செய்தவர் என்ற, அதுவரை எவரும் எட்டாத இடத்தை அன்றுதான் அவர் எட்டினார். டாட்ஜர்ஸ் 20-4 என்று வென்றது. அதில் 10 ரன்கள் அவருடைய அடிகளால் வந்தவை.

ஹோம் ரன்களைத்தான் உலகம் பேசியது. ஆனால் பேஸ்பாலின் கணக்கு புரிய வேண்டுமென்றால் அந்த மூன்றாவது இன்னிங்ஸைத்தான் பார்க்க வேண்டும். ஓட்டானி அடித்த பந்தில் இரண்டு பேர் ஓடி வந்து ரன் சேர்த்தார்கள். அவரோ இரண்டாவது தளத்தோடு நிற்காமல் மூன்றாவதையும் பிடிக்கப் பாய்ந்தார். பந்து அவருக்கு முன்பே அங்கே போய்விட்டது, அவுட். ஆனாலும் ஸ்கோர் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே டபுள் ஏறியது. கிரிக்கெட்டில் மூன்றாவது ரன்னுக்கு ஓடி ரன் அவுட் ஆனவருக்கு முதல் இரண்டு ரன்கள் போய்விடுவதில்லை அல்லவா, அதே நியாயம்தான். அவர் மட்டும் அன்று மூன்றாவது தளத்தைத் தொட்டிருந்தால் அது ட்ரிப்பிள். சிங்கிள், டபுள், ட்ரிப்பிள், ஹோம் ரன் என நான்கையும் ஒரே ஆட்டத்தில் அடிக்கும் ‘சைக்கிள்’ என்ற அபூர்வமும் கூடவே கிடைத்திருக்கும். பேட்டில் பட்ட அடியில் எந்த மாற்றமும் இல்லை. கடைசி ஓட்டம்தான் அதன் பெயரை முடிவு செய்தது.

பேஸ்பாலில் ஓர் அடிக்கு இப்படி இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று ஸ்கோர் எழுதுபவர் வைப்பது. அடித்தவர் எந்தத் தளம் வரை போனார் என்பதை மட்டும் அது சொல்லும். மற்றொன்று ஆட்டக்காரர்களும் வர்ணனையாளர்களும் வைப்பது. பந்து எப்படிப் போனது, எங்கே விழுந்தது, யாரை எப்படி ஏமாற்றியது என்பதையெல்லாம் அது சொல்லும். இரண்டும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. ஆட்டத்தின் சுவாரசியத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த வாசகருக்கு முதலில் மைதானம் தெரிய வேண்டும். வைரம்போல் முனை தூக்கி வைத்த ஒரு சதுரம். நான்கு மூலையிலும் தளங்கள். ஒன்றுக்கொன்று 90 அடி. பேட்டர் நிற்கும் மூலைக்கு ஹோம் பிளேட் என்று பெயர். அங்கிருந்து முதல் தளம், இரண்டாவது, மூன்றாவது என்று சுற்றி மறுபடி ஹோமுக்கு வந்தால் ஒரு ரன். ஹோம் பிளேட்டில் தொடங்கி முதல், மூன்றாம் தளங்களை ஒட்டி நீளும் இரண்டு கோடுகளுக்கு உள்ளே பந்து போக வேண்டும். வெளியே போனால் ஃபவுல். தளம் எதுவும் கிடையாது. எட்ஜ் வாங்கி ஸ்லிப் பக்கம் பறக்கும் பந்துக்கு நான்கு ரன் கிடைக்கும் தாராளமெல்லாம் இங்கே இல்லை. தட்டிவிட்டு நிற்கும் உரிமையும் இல்லை. கோட்டுக்குள் அடித்தால் ஓடியே ஆக வேண்டும்.

60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து பிட்சர் வீசும் பந்தை உருண்டையான பேட்டால் அடித்துவிட்டு, ஃபீல்டர்கள் பிடிப்பதற்குள்ளும் எறிவதற்குள்ளும் முதல் தளத்தைச் சேர்வது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரே ஓர் எண் போதும். பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் 1941-இல் 0.406 சராசரி வைத்திருந்தார். அதாவது பத்து முறைக்கு நான்கு ஹிட்டுக்குச் சற்றே கூடுதல். அதற்குப் பிறகு மேஜர் லீக்கின் இரு கிளைகளான அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் ஒரு முழுப் பருவத்துக்கு 0.400-ஐத் தொட்டவர் எவரும் இல்லை. பத்தில் ஏழு முறை தோற்பவரைக்கூட இந்த ஆட்டம் நட்சத்திரம் என்றுதான் கொண்டாடுகிறது.

பேட்டர் தளத்தைச் சேர்ந்துவிட்டாலே அது ஹிட் ஆகிவிடாது. சாதாரண முயற்சியில் பிடித்திருக்க வேண்டிய பந்தை ஃபீல்டர் கோட்டைவிட்டால் அது ‘எர்ரர்’. ஃபீல்டர் பெயரில் கரும்புள்ளியாக விழும், பேட்டருக்கு ஒன்றும் கிடையாது. பேட்டரை விட்டுவிட்டு வேறொரு ஓட்டக்காரரை அவுட் ஆக்க ஃபீல்டர் முடிவு செய்தால் அது ‘ஃபீல்டர்ஸ் சாய்ஸ்’. அதுவும் ஹிட் அல்ல. எது ஹிட், எது எர்ரர் என்று தீர்ப்பு சொல்வதற்கென்றே மைதானத்தின் பத்திரிகையாளர் பகுதியில் ஓர் அதிகாரபூர்வ ஸ்கோரர் உட்கார்ந்திருப்பார். நடுவர் ஆட்டத்தை நடத்துபவர். இவர் ஆட்டத்துக்குப் பெயர் வைப்பவர். இவருடைய தீர்ப்பால் மனம் கசந்த பேட்டர்கள் ஏராளம்.

இந்தக் கணக்குப் பழக்கத்தை ஊன்றியவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். 1824-இல் இங்கிலாந்தில் பிறந்து சிறுவனாக நியூயார்க் வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்தவர். பத்திரிகைகளில் கிரிக்கெட் செய்தி எழுதி வந்தவர்தான் பேஸ்பால் பக்கம் திரும்பினார். ஆட்டம் முழுவதையும் ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கும் ‘பாக்ஸ் ஸ்கோர்’ அவர் கையில் உருப்பெற்றது. கிரிக்கெட் சராசரியைப் பார்த்துப் பேஸ்பாலுக்கும் ஒன்று வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. எதை ஹிட் என்று எழுதுவது என்பதில் அக்காலத்தில் தடுமாற்றம் இருந்தது. 1887-ஆம் ஆண்டு மட்டும், பிட்சர் அன்றைய விதிப்படி ஐந்து பந்துகளைத் தப்பாக வீசியதால் சும்மா நடந்து போகும் ‘வாக்’ கூட ஹிட் என்று எழுதப்பட்டது. செயின்ட் லூயிஸ் அணியின் டிப் ஓ’நீலுக்கு அந்த ஆண்டு 0.492 என்ற மலைக்கவைக்கும் சராசரி வந்தது. பின்னாளில் அந்த வாக்குகளைக் கழித்துப் பார்த்தார்கள்; 0.435 ஆகக் குறைந்தது. குறைந்த பின்னும் அது பிரமாதமான எண்தான்.

ஹிட்களில் மிகுதியானது சிங்கிள். ஒரு தளம் மட்டுமே தரும் எளிய அடி. புத்தகத்தில் எல்லாச் சிங்கிளும் ஒரே மாதிரி இருக்கும். மைதானத்திலோ ஒன்றைப்போல் ஒன்று இராது.

1890-களில் பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற அணி கெட்டிக்காரத்தனத்துக்குப் பேர் போனது. 1894, 1895, 1896 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் நேஷனல் லீக் பட்டம் வாங்கியது. ஹோம் பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் மண்ணை மைதானக்காரர் கெட்டித்து வைத்திருப்பார். பேட்டர்கள் வேண்டுமென்றே பந்தைக் கீழ்நோக்கி ஓங்கி அடிப்பார்கள். இறுகிய தரையில் மோதிய பந்து தலைக்கு மேல் உயர எழும். அது எப்போது கீழே வரும் என்று ஃபீல்டர் அண்ணாந்து நிற்பதற்குள் பேட்டர் முதல் தளத்தில் இருப்பார். இந்த அடிக்கு ‘பால்டிமோர் சாப்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. இந்த அணியின் நாயகன் வில்லி கீலர், ஐந்தடி நான்கு அங்குலமே உயரம். 1897-இல் தொடர்ந்து 44 ஆட்டங்களில் ஹிட் அடித்தார். 1941-இல் ஜோ டிமாஜியோ 56 ஆட்டங்கள் வரை போகும்வரை அந்தச் சாதனை நின்றது. கீலரிடம் வெற்றியின் ரகசியம் கேட்டபோது, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து அடிப்பதுதான் என்றாராம். அவ்வளவுதான் விஷயம் என்பதுபோல.

ஆள் இல்லாத இடத்துக்கு ஓர் எண்ணே வைத்தவர் டோனி க்வின். ஸ்கோர் எழுத வசதியாக ஒவ்வொரு ஃபீல்டருக்கும் ஓர் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, மூன்றாம் தளக்காரர் 5, அவருக்கும் இரண்டாவது தளத்துக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலான சந்தை ‘5.5 ஓட்டை’ என்று அழைத்து, அதற்குள்ளேயே சான் டியாகோ பாட்ரெஸ் அணிக்காக அவர் பந்தைச் செலுத்திக்கொண்டிருந்தார். மொத்தம் 3,141 ஹிட்கள், எட்டு முறை லீக்கின் சிறந்த சராசரி. இப்படி இரண்டு ஃபீல்டர்களின் கையுறைகளுக்கு நடுவே, கண் வைத்துப் பார்த்ததுபோல் வழி கண்டுபிடித்து உருண்டு போகும் சிங்கிளுக்கு ‘சீயிங் ஐ சிங்கிள்’ என்று பெயர். பிற்காலத்தில் அணிகள் ஒவ்வொரு பேட்டரின் வழக்கத்தையும் ஆராய்ந்து அந்தச் சந்துகளிலேயே ஆளை நிறுத்தத் தொடங்கின. சிங்கிள்கள் வற்றின. 2023-இல் மேஜர் லீக் குறுக்கிட்டு, இரண்டாவது தளத்தின் இருபுறமும் கண்டிப்பாக இரண்டிரண்டு உள்கள ஃபீல்டர்கள் நிற்க வேண்டும் என்று விதி போட்டது.

பந்து உள்களத்தைவிட்டு வெளியே போகாமலேயே கால் வேகத்தால் பிழைத்துக்கொள்ளும் சிங்கிள் ‘இன்ஃபீல்டு ஹிட்’. இதில் ஜப்பானின் இச்சிரோ சுஸுகி மன்னர். இடக்கை ஆட்டக்காரர் என்பதால் முதல் தளத்துக்கு ஓரிரு அடி அருகில் நிற்பவர். அடித்து முடிப்பதற்குள் ஓடத் தொடங்கிவிட்டாரோ என்று தோன்றும். சியாட்டில் மாரினர்ஸ் அணிக்காக 2004-இல் அவர் அடித்தது 262 ஹிட். 1920-இல் ஜார்ஜ் சிஸ்லர் வைத்த 257 என்ற எண்ணை 84 ஆண்டுகள் கழித்து உடைத்தார். அந்த 262-இல் 225 வெறும் சிங்கிள்கள்தான். ஹோம் ரன் மோகம் தலைக்கேறியிருந்த காலத்தில் ஒருவர் சிங்கிள்களாலேயே சரித்திரம் எழுதியது தனி அழகு.

பந்தை ஓங்கி அடிக்காமல், பேட்டைக் குறுக்கே நீட்டி முன்னால் ‘தொப்’பென்று விழவைப்பது ‘பண்ட்’. வேகக்காரர் ஒருவர் இதில் முதல் தளம் சேர்ந்தால் அது பண்ட் சிங்கிள். பல நேரம் அவர் சேர்வதற்காகவே அது செய்யப்படுவதில்லை. தான் அவுட் ஆனாலும் ஏற்கெனவே தளத்தில் நிற்கும் கூட்டாளியை ஒரு தளம் முன்னே தள்ளிவிட்டால் போதும் என்பது ‘தியாக பண்ட்’. மூன்றாவது தளத்திலிருப்பவர் பந்து வீசும்போதே ஹோமை நோக்கிப் பாய்ந்துவிட, பேட்டர் எப்பாடுபட்டாவது பந்தைத் தொட்டே ஆக வேண்டிய நிலை ஒன்றுண்டு. அதற்கு ‘தற்கொலை ஸ்குவீஸ்’ என்று பெயர். பேட்டர் தவறவிட்டால் ஓடி வருபவர் நேரே கேட்சரின் கையில். பெயர் பொருத்தம்தான்.

சிங்கிள்களில் பேட்டரே வெட்கப்பட வேண்டிய வகையும் இருக்கிறது. பேட்டில் சரியாகப் படாத பந்து சோம்பலாக எழும்பி, உள்களக்காரர்களின் தலைக்கு மேலே போய், வெளிக்களக்காரர்கள் ஓடி வருவதற்கு முன்னால் புல்லில் விழும். இதற்குத்தான் எத்தனை பெயர்! ‘புளூப்’ என்பார்கள். ‘சாகும் காடை’ என்பார்கள். சிகாகோ ஒயிட் சாக்ஸ் வர்ணனையாளர் கென் ஹாரெல்சன் ‘வாத்துச் செருமல்’ என்று சொல்லிச் சொல்லியே அதைப் பரப்பிவிட்டார். பழைய பெயர் ‘டெக்சாஸ் லீகர்’. 1890-களில் டெக்சாஸ் லீக்கிலிருந்து மேலே வந்த ஆட்டக்காரர்கள் இந்த வகை அடியில் பிழைத்ததால் வந்த பெயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. எந்த ஆட்டக்காரர் என்பதில் கதைக்குக் கதை ஆள் மாறும். ஜப்பானில் இதே அடி ‘பொத்தென் ஹிட்’. பந்து விழும் ஓசையே அங்கே பெயராகிவிட்டது.

இந்த ஏளனமான அடிதான், மேஜர் லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் ஒன்றையே முடித்து வைத்தது. 2001 நவம்பர் 4, ஃபீனிக்ஸ். நியூயார்க் யாங்கீஸுக்கும் அரிசோனா டயமண்ட்பேக்ஸுக்கும் ஏழாவது, கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 2-2. மூன்று தளங்களிலும் அரிசோனா ஆட்கள். பந்து மரியானோ ரிவேராவின் கையில். முடிக்கும் பிட்சர்களில் அவரை மிஞ்சியவர் இல்லை. ரன்னைத் தடுக்க உள்களக்காரர்கள் எல்லோரும் முன்னே வந்து நின்றார்கள். லூயிஸ் கொன்சாலஸ் வீசிய பேட் உடைந்தது. பந்து தட்டுத் தடுமாறி ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டரின் தலைக்கு மேல் போய் அவருக்குச் சற்றுப் பின்னால் விழுந்தது. ஜீட்டர் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் நிச்சயம் பிடித்திருப்பார். ரிவேரா தவறாக வீசவில்லை. அடியும் நல்ல அடியில்லை. பட்டம் மட்டும் அரிசோனாவுக்குப் போனது. புத்தகத்தில் அது ஒரு சிங்கிள், அவ்வளவே.

டபுளில் இவ்வளவு நாடகம் இல்லை. வெளிக்களத்தில் இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே பிளந்துகொண்டு போகும் பந்து, அல்லது சுவரில் மோதித் திரும்பும் பந்து. பேச்சு வேண்டுமானால் மைதான விதிகளைப் பற்றி இருக்கிறது. களத்தில் ஒரு முறை குத்தி எழும்பிப் பார்வையாளர் பகுதிக்குள் போகும் பந்துக்கு இரண்டு தளம் மட்டுமே. பேச்சுவழக்கில் இது ‘கிரவுண்ட் ரூல் டபுள்’. 1930-க்கு முன்பு இதே பந்து ஹோம் ரன்னாக எண்ணப்பட்டது என்றால் இன்றைய பேட்டர்கள் பெருமூச்சு விடுவார்கள். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மைதானத்தில் வெளிக்களச் சுவர் முழுக்க ஐவி கொடி படர்ந்திருக்கும். பந்து இலைக்குள் சிக்கிக்கொண்டால் ஃபீல்டர் தேடக் கூடாது. இரண்டு கைகளையும் தூக்கிக் காட்ட வேண்டும். பார்த்ததும் நடுவர் டபுள் என்று அறிவிப்பார். அனுபவமில்லாதவர் பந்தைத் தேடிக் கையை உள்ளே விட்டால் போச்சு, ஓடுபவர்கள் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடது பக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவர் ஒன்று நிற்கிறது. ‘கிரீன் மான்ஸ்டர்’ என்ற அந்தச் சுவரில் மோதும் பந்து வேறு ஊரில் ஹோம் ரன்னாகியிருக்கும். இங்கே டபுள், சில நேரம் பந்து சுவரில் பட்டு வேகமாகத் திரும்பிவிட்டால் வெறும் சிங்கிள். ஊர் மாறினால் அடியின் பெயரும் மாறும் என்பதற்கு இதைவிட உயரமான சாட்சி கிடையாது. அதே மைதானத்தின் வலது மூலையில் நிற்கும் மஞ்சள் கம்பத்துக்கு, முன்னாள் ஆட்டக்காரர் ஜானி பெஸ்கியின் பெயர். 302 அடியிலேயே அங்கே ஹோம் ரன் கிடைத்துவிடும். வாழ்நாள் முழுக்க 17 ஹோம் ரன் மட்டுமே அடித்த பெஸ்கியின் பெயரை ஹோம் ரன் எல்லைக் கம்பத்துக்கு வைத்தவர்களின் குசும்பைப் பாராட்டத்தான் வேண்டும்.

ட்ரிப்பிள் இன்று அருகிவரும் இனம். சாம் க்ராஃபோர்டு 1917-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 309 ட்ரிப்பிள்கள்; அந்த எண்ணை இனி யாரும் நெருங்கப் போவதில்லை. பிட்ஸ்பர்க்கின் ஓவன் வில்சன் 1912-இல் ஒரே பருவத்தில் 36 அடித்தார். இப்போது 15 அடித்தாலே ஆச்சரியம். அன்றைய மைதானங்கள் அகன்று கிடந்தன, பந்து மந்தமானது, சுவரைத் தாண்டுவது அரிது. ஆகவே பந்தை வெளிக்களத்தின் கோடிக்கு உருட்டிவிட்டு மூன்று தளம் ஓடினார்கள். சுவர்கள் கிட்டே வந்த பிறகு அதே அடிகள் சுவருக்கு அப்பால் விழத் தொடங்கின. ஆனால் ஆட்டத்தை ரசிக்கத் தெரிந்த பலருக்கு ஹோம் ரன்னைவிட ட்ரிப்பிள்தான் பிடிக்கும். ஹோம் ரன் அடித்தவர் மெல்லோட்டமாகச் சுற்றி வருவார். ட்ரிப்பிளில்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள்.

இனி, பந்து சுவரைத் தாண்டி நான்கு தளங்களையும் தரும் ஹோம் ரன். 1911-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஃப்ராங்க் பேக்கர் அமெரிக்கன் லீகிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர். எண்ணிக்கை வெறும் 11. அந்த ஆண்டு உலகத் தொடரில் அடுத்தடுத்த ஆட்டங்களில் இரண்டு அடித்ததால் அவர் பெயரே ‘ஹோம் ரன் பேக்கர்’ ஆகிப்போனது. வாழ்நாள் மொத்தம் 96. பத்தாண்டுகூட ஆகவில்லை, பேப் ரூத் வந்தார். 1919-இல் 29 அடித்தார். நியூயார்க்குக்கு மாறிய 1920-இல் 54. ஆட்டத்தின் இலக்கணமே மாறியது. ரூத்தின் 714-ஐ ஹாங்க் ஆரன் 755-ஆல் தாண்டினார். ஊக்கமருந்து சர்ச்சையின் நிழலோடு பேரி பாண்ட்ஸ் 762-இல் நிறுத்தினார்.

ஹோம் ரன்னுக்கு அமெரிக்கப் பேச்சில் ‘பாம்’, ‘டிங்கர்’, உருளைக்கிழங்கின் கொச்சைப் பெயரான ‘டேட்டர்’ என்று புழங்கும் சொற்களை எண்ணி மாளாது. சில பெயர்களுக்குப் பின்னால் ஓர் ஆளே இருக்கிறார். டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிவந்த புதிதில், பேஸ்பாலுக்கென்று கட்டாத கொலிசியம் அரங்கத்தில் ஆடியது. இடத்தின் வடிவம் ஒத்துவராமல் இடது எல்லை 251 அடியிலேயே முடிந்தது. அதற்கு ஈடாக 42 அடி உயர வலை கட்டினார்கள். 1959-இல் அணிக்கு வந்த வாலி மூன், இடக்கை ஆட்டக்காரராக இருந்தும், பந்தை எதிர்ப்பக்கம் உயரத் தூக்கி அந்த வலைக்கு மேலே போடப் பழகிக்கொண்டார். அவர் பெயரும் மூன். அது ராக்கெட்டுகள் நிலாவைக் குறிவைத்த காலம். ‘மூன் ஷாட்’ ஒட்டிக்கொண்டது. இன்று எந்த நெட்டுயர ஹோம் ரன்னும் மூன் ஷாட்தான்.

‘டேப் மெஷர் ஹோம் ரன்’ பிறந்தது 1953 ஏப்ரல் 17 அன்று, வாஷிங்டனின் க்ரிஃபித் மைதானத்தில். மிக்கி மான்ட்டல் அடித்த பந்து மைதானத்தைவிட்டே வெளியேறியது. யாங்கீஸ் அணியின் விளம்பரப் பொறுப்பாளர் ரெட் பேட்டர்சன் வெளியே ஓடிப் போய், பந்து கிடைத்த இடத்தைக் கண்டறிந்து, 565 அடி என்று அறிவித்தார். உண்மையில் அவரிடம் அளவு நாடாவே இல்லை. காலால் எட்டு வைத்து அளந்தார் என்பது பிறகு வெளிவந்தது. இருந்தும் அன்று முதல் நெடுந்தூர அடிகளுக்கு நாடாவின் பெயர்தான்.

சுவரைத் தாண்டாத ஹோம் ரன்னும் உண்டு. பந்து களத்துக்குள்ளேயே எங்கோ உருண்டுகொண்டிருக்க, பேட்டர் நான்கு தளங்களையும் ஓடியே முடித்துவிடுவது ‘இன்சைடு த பார்க்’. 2007-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்தில் இச்சிரோ அடித்த பந்து வலது சுவரில் பட்டுக் கோணலாகத் தெறித்தது. ஃபீல்டர் துரத்துவதற்குள் அவர் ஹோம் வந்துவிட்டார். ஆல் ஸ்டார் வரலாற்றில் இந்த வகையில் அது முதல் ஹோம் ரன்.

மூன்று தளங்களிலும் ஆள் நிற்கும்போது அடித்தால் நான்கு ரன். சீட்டாட்டமான பிரிட்ஜிலிருந்து இரவல் வாங்கிய ‘கிராண்ட் ஸ்லாம்’ என்ற பெயர் அதற்கு. 1999 ஏப்ரல் 23 அன்று செயின்ட் லூயிஸின் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஒரே இன்னிங்ஸில் இரண்டு கிராண்ட் ஸ்லாம் அடித்தார். இரண்டையும் வீசியவர் ஒரே பிட்சர், சான் ஹோ பார்க். அணித் தலைமை அவரை ஏன் அத்தனை நேரம் விட்டுவைத்தது என்று இன்றும் கேட்கலாம்.

கடைசி இன்னிங்ஸில் ஆட்டத்தை அங்கேயே முடிக்கும் அடி ‘வாக் ஆஃப்’. இந்தச் சொல்லைத் தந்தவர் அடித்தவர் அல்ல, அடி வாங்கியவர். அந்தப் பந்தை வீசிவிட்டுத் தலை குனிந்து களத்தைவிட்டு நடந்து போகும் பிட்சரின் அவமானத்தைத்தான் ஓக்லாண்டின் டென்னிஸ் எக்கர்ஸ்லி அப்படிச் சொன்னார். டாட்ஜர் மைதானத்தில் நடந்த 1988 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், இரண்டு கால்களிலும் அடிபட்டு நொண்டி நொண்டி வந்த கர்க் கிப்சன் அடித்த ஹோம் ரன்னுக்குப் பின் எக்கர்ஸ்லியே அப்படி நடந்தும் போனார். நாளடைவில் சொல் கட்சி மாறி, கொண்டாட்டத்தின் பெயராகிவிட்டது. ஜப்பானியர் இதைச் ‘சயோனாரா ஹோம் ரன்’ என்கிறார்கள். போய் வருகிறோம் என்ற விடை சொல்லும் தொனி அதில் இருக்கிறது. 2024 அக்டோபர் 25 அன்று அதே டாட்ஜர் மைதானத்தில், கணுக்கால் காயத்தோடு ஆடிய ஃப்ரெடி ஃப்ரீமன் பத்தாவது இன்னிங்ஸில் அடித்தது வாக் ஆஃப், கிராண்ட் ஸ்லாம் இரண்டும் சேர்ந்தது. உலகத் தொடர் வரலாற்றில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை.

சுவரைத் தாண்டியும் சிங்கிளாகிப்போன அடி ஒன்றுண்டு. 1999 அக்டோபர் 17, நியூயார்க்கின் ஷே மைதானம். மெட்ஸ் அணியின் ராபின் வென்ச்சுரா, 15-ஆவது இன்னிங்ஸில், மூன்று தளங்களும் நிறைந்திருக்க, பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்பினார். வெற்றி உறுதி. ஆனால் அவர் முதல் தளத்தைத் தாண்டி இரண்டாவதை எட்டுவதற்குள் சக ஆட்டக்காரர்கள் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்கள். தளங்களைத் தொடாததால் நான்கு ரன் வரவில்லை. ஒரே ரன், 4-3. ‘கிராண்ட் ஸ்லாம் சிங்கிள்’ என்ற விசித்திரப் பெயரோடு அது நிலைத்துவிட்டது.

வென்ச்சுராவுக்குப் பெயர்தான் போனது. 1908 செப்டம்பர் 23 அன்று நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு வெற்றியே போனது. ஆல் பிரிட்வெல் அடித்த சிங்கிளில் வெற்றி ரன் வந்துவிட்டதென்று ரசிகர்கள் களத்துக்குள் இறங்க, முதல் தளத்தில் இருந்த 19 வயது ஃப்ரெட் மெர்க்கில் இரண்டாவது தளத்தைத் தொடாமலேயே வெளியேறினார். சிகாகோ கப்ஸ் அதைக் கவனித்துவிட்டது. மெர்க்கில் அவுட் என்றும் ரன் செல்லாது என்றும் தீர்ப்பு வந்தது, ஆட்டம் சமன். மறு ஆட்டத்தில் வென்ற கப்ஸ் லீக் பட்டத்தைத் தட்டிச் சென்றது. தப்பு ஒருவர் காலடியில். பறிபோனது இன்னொருவரின் ஹிட்.

அவுட் ஆகும் அடிகளுக்கும் பெயர் உண்டு. ஃபீல்டர் நின்ற இடத்திலேயே நிதானமாகப் பிடிக்கும் உயரப் பந்து ‘கேன் ஆஃப் கார்ன்’. பழைய மளிகைக் கடையில் உயரத் தட்டில் இருக்கும் மக்காச்சோள டின்னைக் கொக்கிக் கம்பால் இழுத்து மேலாடையில் விழவைக்கும் கடைக்காரரின் லாகவத்தை நினைத்து வந்த பெயர் என்பார்கள். உயரப் பந்தைப் பிடித்த பிறகு மூன்றாவது தளத்திலிருப்பவர் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டால் அது ‘சேக்ரிஃபைஸ் ஃபிளை’. பேட்டர் அவுட், ஆனால் சராசரி குறையாது. உள்களத்திலேயே நெட்டுக்கு எழும் ‘பாப் அப்’பை ஃபீல்டர்கள் வேண்டுமென்றே நழுவவிட்டு இரட்டை அவுட் எடுக்கும் தந்திரம் மிகுந்ததால், 1895-இல் ‘இன்ஃபீல்டு ஃபிளை’ விதி வந்தது. முதல் இரண்டு தளங்களிலாவது ஆள் நின்று, இரண்டு அவுட் ஆகாமல் இருக்கும்போது அப்படிப் பந்து எழுந்தால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பேட்டர் அவுட்.

2015-இல் மேஜர் லீக் மைதானங்கள் எல்லாவற்றிலும் ‘ஸ்டாட்காஸ்ட்’ என்ற அளவீட்டு முறை வந்தது. பந்து பேட்டைவிட்டுப் புறப்படும் வேகமும் கோணமும் இப்போது உடனுக்குடன் திரையில் தெரியும். 10 டிகிரிக்குக் கீழே புறப்பட்டால் தரைப்பந்து. 10 முதல் 25 வரை ‘லைன் டிரைவ்’. 25 முதல் 50 வரை உயரப் பந்து. அதற்கும் மேலே பாப் அப். மணிக்கு 98 மைல் வேகத்தில் 26 முதல் 30 டிகிரிக்குள் புறப்பட்டால் அதற்கு ‘பேரல்’ என்று தனிப் பட்டம். வேகம் கூடக் கூடக் கோணத்தின் எல்லையும் விரியும். இறுகிய கயிறுபோல் நேராகப் போகும் பந்தை ‘உறைந்த கயிறு’ என்றும், புல்லை உரசிக்கொண்டு போவதைப் ‘புழு சுடுவது’ என்றும் சொல்லிவந்த பழைய வர்ணனைக்குப் பக்கத்தில் இந்த எண்கள் வந்து உட்கார்ந்துவிட்டன.

எண்கள் வந்தும் ஸ்கோர் புத்தகம் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 2022 ஆகஸ்ட் 24 அன்று பிட்ஸ்பர்க்கின் ஓனீல் க்ரூஸ் சொந்த மைதானத்தில் அடித்த பந்து மணிக்கு 122.4 மைல், அதாவது சுமார் 197 கிலோமீட்டர் வேகத்தில் பேட்டைவிட்டுக் கிளம்பியது. ஸ்டாட்காஸ்ட் அதுவரை அளந்த அடிகளிலேயே அதுதான் வேகமானது. பந்து வலது சுவரில் மோதிய வேகத்திலேயே ஃபீல்டரிடம் திரும்பிவிட, க்ரூஸ் முதல் தளத்தோடு நிற்க வேண்டியதாயிற்று. கொன்சாலஸின் உடைந்த பேட் தந்த அதே சிங்கிள்தான் அவர் கணக்கிலும் ஏறியது. 2025 மே மாதம் அதே மைதானத்தில் 122.9 மைல் வேகத்தில் அடித்து அந்தச் சாதனையை அவரே உடைத்தார். இந்த முறை பந்து மைதானத்தைத் தாண்டி அலகேனி ஆற்றில் விழுந்தது. நான்கு தளங்களும் அவருக்குக் கிடைத்தன.